சூரிய உலர்த்திகளுக்கு மெழுகும் உலோக நுரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத்தில் அமைக்கப்படும் சூரிய கூடார உலர்த்திகள், கொப்பரையையும் மிளகாயையும் மழைக்கும் தூசிக்கும் தப்பவைத்து உலர்த்தித் தருகின்றன. ஆனால் பொழுது சாய்ந்ததும் கூடாரத்தின் சூடு இறங்கிவிடுகிறது. ஏறத்தாழப் பாதி ஈரத்தோடு உள்ளே போகும் தேங்காய்ப் பருப்பு 6 சதவீத ஈரத்துக்கு வருவதற்குள், இடைப்பட்ட இரவுகளில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பாகிறது. பகலில் மிஞ்சும் வெப்பத்தை இரவுக்குச் சேமிக்கும் அமைப்புக்கும் மானியம் தர வேண்டும். தரும்போது, எதை அளந்து வாங்குவது என்பதையும் அரசு முன்கூட்டியே வரையறுக்க வேண்டும்.

இதற்கு ஏற்றது பாரஃபின் மெழுகு போன்ற நிலைமாற்றப் பொருள், அதாவது உருகும்போது வெப்பத்தை உள்வாங்கி, உறையும்போது திருப்பித் தரும் பொருள். சுமார் 50 பாகையில் உருகும் மெழுகு 100 கிலோ எடுத்துக்கொண்டால், அது உருகும்போது மட்டும் உள்வாங்கும் உள்ளுறை வெப்பம் ஏறத்தாழ 20,000 கிலோஜூல், அதாவது ஐந்தரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதே எடையுள்ள தண்ணீரை 10 பாகை சூடேற்றிச் சேமித்தால் இதில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

சிக்கல் மெழுகின் வெப்பக் கடத்துத்திறனில் இருக்கிறது. மீட்டருக்கு ஒரு பாகைக்கு 0.2 வாட் என்பது கிட்டத்தட்ட வெப்பக்காப்புப் பொருளின் அளவு. இரவில் வெப்பத்தை எடுக்கத் தொடங்கியதும், அதை வெளியே கொண்டுவரும் குழாயை ஒட்டிய மெழுகு முதலில் உறைந்து போர்வையாகிவிடுவதால், உள்ளே இருக்கும் வெப்பம் விடிந்த பிறகும் வெளிவராமல் தங்கிவிடுகிறது. கடற்பஞ்சு போலத் திறந்த துளைகள் கொண்ட அலுமினிய நுரையில் மெழுகை உருக்கி ஊற்றினால் இது பெரிதும் தீர்கிறது. நுரையின் கன அளவில் 5 சதவீதம்தான் உலோகம். ஆனால் அந்தப் பின்னல் தொடர்ச்சியாக இருப்பதால் கலவையின் கடத்துத்திறன் பத்து மடங்குக்கு மேல் உயர்கிறது. உருகிய மெழுகு தானே சுழன்று வெப்பத்தைப் பரப்பும் வெப்பச் சலனத்தை நுரை ஓரளவு தடுக்கும் என்பதால், உருகும்போது கிடைக்கும் ஆதாயத்தைவிட உறையும்போது கிடைக்கும் ஆதாயமே பெரிது. உலர்த்திக்கு வேண்டியதும் அதுதான்.

விலைதான் தடை. செம்பு நுரை இன்னும் நன்றாகக் கடத்தும் என்றாலும், அதே 5 சதவீதத்துக்குக் கலவையின் எடையில் மூன்றில் ஒரு பங்கைச் செம்பே பிடித்துக்கொள்ளும். அலுமினியத்தில் அது ஏழில் ஒரு பங்குதான். நுரையைக் குழாயோடு பற்றவைக்காமல் வெறுமனே செருகிவிட்டால், இடைவெளியிலேயே வெப்பம் தடைபட்டு, செலவழித்த பணம் வீணாகும். உருகும்போது மெழுகு பத்து சதவீதத்துக்கும் மேல் விரிவடையும் என்பதால் கலத்தில் காலியிடமும் விட வேண்டும்.

ஆகவே விலைப்புள்ளி கோரும்போது 'இத்தனை கிலோ மெழுகு' என்று கேட்பது பயனற்றது. கதிரவன் மறைந்த பிறகு எத்தனை மணி நேரத்துக்கு, எத்தனை பாகைச் சூட்டில், எவ்வளவு காற்று வர வேண்டும் என்று கேட்க வேண்டும். உலோக நுரை, சாதாரண அலுமினியத் தகடுகள், மலிவான விரிவாக்கிய கிராஃபைட் (சூடாக்கி உப்பவைத்த, வெப்பம் கடத்தும் கரிப்பொருள்) ஆகிய மூன்றையும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒரே கூடாரத்தில் வைத்துச் சோதித்து, ஒரு கிலோ கொப்பரைக்கு ஆகும் செலவோடு முடிவை வெளியிட்ட பின்னரே மானிய விகிதத்தை அரசு நிர்ணயிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காங்கயம்.