‘ஏற்றுமதிக்கு மட்டும்’ என்பது எங்களுக்குப் பழகிய சொல்

மலையக மக்களின் வாக்குகளால் பாராளுமன்றம் சென்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். இன்றும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் போஞ்சி, கறிமிளகாய், பூசணி, வல்லாரை போட்டு வருகிறேன். கஞ்சா வளர்த்ததில்லை. ஆனாலும் அந்தச் செடியை மருந்துக்கென்று வீட்டில் வளர்ப்பதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

2025-இல் ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் மருத்துவக் கஞ்சா பயிரிட இலங்கை அரசு அனுமதி கொடுத்தது. மீரிகமவில், முதலீட்டுச் சபையின் மேற்பார்வையில், ஏற்றுமதிக்கு மட்டும். செய்தியை வாசித்துக்கொண்டு வந்தவள் அந்தக் கடைசிச் சொல்லில் நின்றுவிட்டேன். 1867-இல் கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்ட காலம் முதல் நாங்கள் கேட்டு வரும் சொல் அது. நல்ல தேயிலை கப்பல் ஏறும். கொழுந்து பறித்தவள் வீட்டுக் கேத்தலில் டஸ்ட் தூள்தான் கொதிக்கும்.

அதே கஞ்சாச் செடி என் வேலியோரம் வளர்ந்து நின்றால், 1929-ஆம் ஆண்டு வந்த நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி நான் குற்றவாளி. நாட்டு வைத்தியத்துக்கு இது புதிய மூலிகை அல்ல. மதன மோதகம் என்ற நாட்டு மருந்தில் இதைச் சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மருந்துக்கு வேண்டிய இலை எங்கிருந்து வந்தது? பொலிஸ் கைப்பற்றி, வழக்கு முடியும்வரை நீதிமன்றத்தில் வைத்திருந்த கஞ்சாதான் ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்குப் போனது. வருடக்கணக்கில் மூட்டையில் கிடந்த இலையில் என்ன குணம் மிஞ்சும்? கறிவேப்பிலையே நான்கு நாளில் மணம் போய்விடுகிறது.

விதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் விதைக்கு விலை கிடையாது. நல்லாக் காய்த்த போஞ்சிக் கொடியில் நாலைந்து காயை அம்மா பறிக்காமல் விட்டுவிடுவார். அது கொடியிலேயே முற்றிக் காய்ந்ததும் எடுத்து, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டு, அப்புறம் சாம்பலில் பிரட்டிப் பால்மா டின்னில் போட்டு வைப்பார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது முந்தானையில் ஒரு பிடி முடிந்துகொள்வார். வாங்கியவர் அடுத்த போகத்தில் பூசணி விதையோ அவரை விதையோ கொண்டுவந்து தருவார். கணக்கு எழுதியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. கடையில் வாங்கும் கலப்பின விதையில் இது நடக்காது. அதன் காயில் எடுத்த விதை தாயைப் போல வராது, ஒவ்வொரு போகத்துக்கும் காசோடு கடைக்குத்தான் போக வேண்டும். 2022-இல் எல்லாம் விலை ஏறி விதைப் பக்கெட்டைத் தொடவே முடியாமல் போனபோது, அம்மாவின் டின்தான் எங்கள் வரிசையில் ஆறு வீட்டு அடுப்பை எரியவைத்தது.

கஞ்சாவுக்கு இந்தக் கைமாற்று இன்னும் அவசியம். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் போகும். ஒரு வீட்டில் ஒரு செடியை வைத்துக்கொண்டு ஒரு ரகத்தைக் காப்பாற்ற முடியாது. பல வீடுகளில் விளைந்து, நல்லதைப் பார்த்து எடுத்து, விதை கை மாறினால்தான் அந்த மண்ணுக்குப் பழகிய ரகம் நிலைக்கும். தணமல்வில, வெல்லவாய பக்கக் காடுகளில் கஞ்சாவைப் பிடித்து எரிக்கும் ஒவ்வொரு முறையும் விதையும் சேர்ந்து எரிகிறது. நாளைக்கு உள்ளூர் மருந்துக்கென்று பயிரிட நினைத்தாலும் விதைக்கு வெளிநாட்டிடம் கையேந்த வேண்டி வரும் என்று பயப்படுகிறேன்.

வேறு நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. மால்ட்டாவில் 2021 முதல் ஒரு வீட்டில் 4 செடி வரை வைக்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்த ஒருவர் 3 செடி வளர்க்கலாம். அங்குள்ள வளர்ப்போர் சங்கங்கள் வெளியாருக்கும் மாதம் 7 விதை அல்லது 5 தண்டுத் துண்டு வரை, செலவுக் காசை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். தாய்லாந்து 2022-இல் கட்டுப்பாட்டை எடுத்ததும் கடைகள் தெருத்தெருவாகப் பெருகின. 2025-இல் மருத்துவரின் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கினார்கள். அங்கே கட்டுமீறிப் போனது வியாபாரம். அதனால் நான் விற்க அனுமதி கேட்கவில்லை.

‘லயத்தில் ஏற்கெனவே உள்ள போதை போதாதா?’ என்று கேட்பீர்கள். கசிப்பு என்ற கள்ளச்சாராயம் என் சொந்த அண்ணனைக் கொண்டுபோனது. ஐஸ் என்ற போதைப்பொருள் வந்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பெற்றவர்களின் பயம் எனக்குத் தெரியும். கஞ்சாவும் இளம் மூளைக்குக் கெடுதல், மனநோய் வரும் ஆபத்தும் உண்டு. பிள்ளைகள் கைக்குப் போக விடுபவருக்குக் கடுமையான தண்டனை வையுங்கள், நானே ஆதரிப்பேன். ஆனால் வலியோடு கிடக்கும் கிழவிக்கு வைத்தியர் எழுதித் தரும் மூலிகையை வீட்டில் இரண்டு மூன்று செடி வளர்ப்பவரையும், லொறியில் கடத்துபவரையும் ஒரே கூண்டில் நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்குக் காசு வாங்காமல் ஐந்து விதை கொடுப்பதைக் கடத்தல் என்று எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதை உங்களைத் தவிர வேறு யாரும் பாராளுமன்றத்தில் யோசிக்க மாட்டார்கள். என்றாவது இந்தச் சட்டம் திருத்தப்படும்போது, ‘தனது சொந்தக் காணியில் வளர்க்கலாம்’ என்று எழுதிவிட்டால் சரி, எங்கள் கதை அதோடு முடிந்தது. எங்களில் பெரும்பாலோர் கையில் காணி உறுதி இல்லை. வாசலில் ஒரு வாழைக்கன்று வைக்கவே தோட்ட நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வரி வரும் நாளில் எழுந்து நின்று, ‘சொந்தக் காணி’ என்பதை ‘வசிக்கும் இடம்’ என்று மாற்றக் கேளுங்கள்.

இப்படிக்கு,
அப்புத்தளையிலிருந்து ஒரு வீட்டுத்தோட்டக்காரி