வெட்டிய இடத்தில் மறுபடியும் பைன் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்காலக் காட்டுத்தீ பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சருகு கூட்டுவது, கூரைப் பீலியைத் துப்புரவாக்குவது, எந்த நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவது என்று வீட்டுக்காரர் செய்ய வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் ஊரை ஒட்டி நிற்கும் பைன் தோட்டங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெராவில் இருந்துகொண்டு அதைப் பேசாமல் இருக்க முடியாது.

2003 ஜனவரி 8ஆம் தேதி மின்னல் விழுந்து மேற்கு மலைகளில் பிடித்த தீ, 18ஆம் தேதி பிற்பகல் நகருக்குள் வந்தது. நான்கு பேர் இறந்தார்கள். சுமார் 500 வீடுகள் போயின, நகரின் மேற்கு ஓரத்துக் குடியிருப்பான டஃபியில் மட்டும் 200க்கு மேல். அங்கே யூக்கம்பீன் டிரைவ் என்ற தெருவில் ஒரு பக்கம் வீடுகள், எதிர்ப்பக்கம் ஸ்ட்ரோம்லோ பைன் தோட்டம். நடுவே இருந்தது ஒரு சாலைதான்.

நெருக்கமாக நட்ட பைனில் கீழ்க்கிளைகள் காய்ந்து மரத்திலேயே தொங்கும். தரையில் ஊசியிலைச் சருகு மெத்தையாகக் கிடக்கும். தரைத்தீ அந்தக் கிளைகளைப் பிடித்து உச்சிக்கு ஏறிவிட்டால், காற்று தணலை வாரி வீடுகள்மேல் கொட்டும். யூக்கலிப்டஸ் காட்டில் செய்வதுபோல முன்கூட்டியே சிறு தீ வைத்துச் சருகைக் குறைக்கவும் இங்கே எளிதில் முடியாது. இளம் பைன் அந்தச் சூட்டிலேயே பட்டுப்போகும்.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்தத் தோட்டங்களில் மரத்துக்காக வளர்க்கும் ரேடியேட்டா பைனை ஏறக்குறைய 30 ஆண்டுகளில் மொத்தமாக வெட்டிவிட்டு மறுபடி நடுகிறார்கள். வீடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே இடைவெளி விட அந்த ஒரு சமயம்தான் வாய்ப்பு. கன்று ஊன்றிவிட்டால் அப்புறம் இன்னொரு 30 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஸ்ட்ரோம்லோ பக்கம் எரிந்த பைன் நிலத்தில் ஒரு பகுதி 2013இல் திறந்த தேசிய மரப்பூங்காவானது, இன்னொரு பகுதி குடியிருப்பானது. அந்த மாற்றம் வந்ததே இத்தனை வீடுகள் எரிந்த பிறகு.

பைனே கூடாது என்று சொல்லவில்லை. டியூமட், மவுண்ட் கேம்பியர் போன்ற பைன் தொழில் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. வீடுகளை ஒட்டிய பட்டையில் மட்டும் மறுபடி நடாதீர்கள் என்கிறேன். அந்தப் பட்டையைச் சும்மா போட்டுவிடவும் கூடாது. மழைக்கு வளரும் புல், இங்கே கோடை தொடங்கும் டிசம்பருக்குள் காய்ந்து அதுவே எரிபொருளாகிவிடும். யார் வெட்டுவது, எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்பதைத் தோட்டத்தின் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். எல்லாருக்கும் பொது என்று விட்டால் யாரும் வெட்டமாட்டார்கள்.

பைன் தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் நகரசபையிடம் கேட்க வேண்டும்: எங்கள் தெருவை ஒட்டி அடுத்த வெட்டு எந்த ஆண்டு? அதன்பின் அங்கே என்ன நடப்போகிறீர்கள்? அடுத்த கோடைக்கு முன்பு இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கான்பெரா