‘பேட்டரி ஓகே’ என்றால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார கார் என்றாலே பேச்செல்லாம் பெரிய பேட்டரியைப் பற்றித்தான். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும், வாரன்ட்டி எத்தனை வருடம் என்றுதான் கேட்கிறார்கள். பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தும் கார் கதவுகூடத் திறக்காமல் நின்றுவிடுவது உண்டு. அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது, காரில் தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியை. சர்வீஸ் பில்லிலோ அதற்கு ‘பேட்டரி ஓகே’ என்று ஒரு டிக் மட்டும்தான் விழுகிறது.

பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைப்பவை கான்டாக்டர் எனப்படும் கனமான ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள். அவற்றை இழுக்கும் கரண்ட் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. அது இறங்கிவிட்டால் கான்டாக்டர் இழுக்காது. கான்டாக்டர் இழுக்காவிட்டால், பெரிய பேட்டரியின் உயர் வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாகச் சின்னதை ஏற்றவும் வழியில்லை. சார்ஜரைச் செருகினாலும் பல கார்கள் விழிப்பதில்லை.

பெட்ரோல் காரில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றி, பேட்டரி போகப்போகிறது என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். மின்சார காரில் செல்ஃப் மோட்டாரே இல்லை. கிளம்பச் சில ஆம்பியர் போதும் என்பதால், பாதி செத்த பேட்டரியும் கடைசி நாள் வரை சமாளித்துவிடும். தெரியும் அறிகுறிகளும் வேறு மாதிரி: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஏபிஎஸ், ஸ்டியரிங் விளக்குகள் எரிவது, மொபைல் ஆப் காரைப் பிடிக்காமல் போவது, சார்ஜிங் தொடங்கிய உடனே நின்றுவிடுவது.

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், ஆனால் அளக்கும் விதம் முக்கியம். கதவைத் திறந்த உடனே கார் விழித்துக்கொண்டு கரண்டை இழுக்கும். அப்போது வரும் எண்ணை நம்ப முடியாது. முதலில் பானட்டைத் திறந்து வைத்து, காரைப் பூட்டி, சாவியைத் தள்ளி எடுத்துப் போய்விடுங்கள். சில மாடல்கள் பானட் திறந்திருந்தால் தூங்காது. அவற்றில் பானட் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளிவிட்டால், சாத்தியிருப்பதாகக் கார் எடுத்துக்கொள்ளும். (அளந்து முடித்ததும் கொக்கியை விடுவித்த பிறகே பானட்டைச் சாத்த வேண்டும்.) இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, டிசி 20 வோல்ட் ரேஞ்சில் அளக்கவும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி என்றால் 12.6க்கு மேல் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த லெட்-ஆசிட்) வகையில் முழு சார்ஜ் 12.8க்கு மேல் நிற்கும். அடுத்து பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தி, காரை ஓடத் தயாரான ‘ரெடி’ நிலைக்குக் கொண்டுவந்து அளந்தால் பொதுவாக 13.5 முதல் 14.7க்குள் வரும். அப்போதும் 12.5 அளவிலேயே நின்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். கன்வெர்ட்டரையும் அதன் ஃப்யூஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வோல்ட் சரியாக இருந்தும் லோடு தாங்காத பேட்டரி உண்டு. அதனால்தான் வருடம் ஒருமுறை, பேட்டரியின் திறனை மதிப்பிடும் கண்டக்டன்ஸ் டெஸ்டரில் போட்டு, ஓய்வு வோல்ட், ரெடி வோல்ட், டெஸ்டர் காட்டிய சிசிஏ (குளிரில் பேட்டரி தரக்கூடிய ஆம்பியர்) ஆகிய மூன்று எண்களையும் சர்வீஸ் பில்லில் எழுதித் தர வேண்டும் என்கிறோம். சிசிஏ போன வருடம் 340, இந்த வருடம் 230 என்று எழுதியிருந்தால் உரிமையாளருக்கே விஷயம் புரிந்துவிடும். டிக்கில் அது தெரியாது.

பேட்டரி ஏன் இறங்குகிறது? தூங்கும் கார் 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 19 நாளில் பாதியாகிவிடும். விழித்திருக்கும் கார் 5 ஆம்பியர் இழுத்தால், ஒரே மணி நேரத்தில் நான்கு நாள் தூக்கத்துக்கான கரண்ட் போய்விடும். ஆப்பைத் திறந்து அடிக்கடி சார்ஜ் பார்ப்பது, ரிமோட் சாவியைக் காருக்குப் பக்கத்திலேயே மாட்டி வைப்பது, டாஷ்கேம், பழுது கண்டறியும் ஓபிடி சாக்கெட்டில் செருகிய கருவி எல்லாமே காரைத் தூங்கவிடாது. இதைவிட மோசம், பிரேக்கை மிதிக்காமல் பட்டனை மட்டும் அழுத்திப் பாட்டுக் கேட்பது. பல மாடல்களில் அந்த நிலையில் கன்வெர்ட்டர் ஓடாது. காத்திருக்கும்போது ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ‘ரெடி’யில் வைத்து, பார்க் போட்டு உட்காருங்கள்.

லெட்-ஆசிட் பேட்டரி பாதி சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிகம் இறுகி, கொள்ளளவு குறையும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகத் திரும்பாது. நீண்ட நாள் காரை நிறுத்துவதாக இருந்தால், நின்றபடியே 12 வோல்ட்டைத் தானாக ஏற்றிக்கொள்ளும் வசதி உண்டா என்று மேனுவலில் பாருங்கள். இல்லையென்றால் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், ஆள் கூடவே இருக்க, ‘ரெடி’யில் வைக்கலாம். சார்ஜரைச் செருகிவிட்டுப் போனால் போதும் என்று எண்ண வேண்டாம். பெரிய பேட்டரி நிறைந்ததும் பல கார்களில் கன்வெர்ட்டரும் நின்றுவிடும்.

வெளி சார்ஜர் போட்டால் 4, 5 ஆம்பியர் போதும். நெகட்டிவ் கிளிப்பை பேட்டரி முனையில் மாட்டாமல், மேனுவல் காட்டும் பாடி எர்த்தில் மாட்டவும். பல கார்களில் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் இருக்கும்; முனையிலேயே மாட்டினால் ஏற்றும் கரண்ட் அதன் கணக்கில் வராது. ‘ரிப்பேர்’ மோடில் வோல்ட் 15.5க்கு மேல் போகும் என்பதால், பேட்டரி காரில் இருக்கும்போது அந்த மோடைப் போடாதீர்கள். உங்கள் காரில் இருப்பது லித்தியம் 12 வோல்ட் என்றால் லெட்-ஆசிட் சார்ஜரே கூடாது.

மாற்றும்போது சார்ஜ் கேபிளைக் கழற்றி, காரை அணைத்து, கண்ணாடியை இறக்கி வைத்து, பத்து நிமிடம் பொறுங்கள். நெகட்டிவ் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். பழையதில் வாயுவை வெளியேற்றும் வென்ட் குழாய் இருந்தால் புதியதிலும் மாட்டவும். ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்தான். உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற கேபிள் எதையும் தொடக் கூடாது.

மின்சார காரிலிருந்து பெட்ரோல் காருக்கு ஜம்ப் கொடுப்பதும் வேண்டாம். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். இந்தச் சின்ன பேட்டரியும் கன்வெர்ட்டரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இப்படிக்கு,
மின்சார வாகனப் பராமரிப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்