நிதி நின்ற பிறகும் பம்பு ஓட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நன்கொடை நிதியில் கிராமங்களில் தொடங்கப்படும் வேளாண் திட்டங்களில் பல, மூன்று அல்லது ஐந்து ஆண்டுக் காலம் முடிந்து அலுவலர்கள் புறப்பட்டதும் முடங்கிவிடுவதற்கு, விவசாயிகளின் அக்கறையின்மையையே காரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இது நியாயமன்று. சொட்டுநீர்க் குழாயின் வடிகட்டியில் மண் அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றிக் கழுவ யாருக்கும் கற்றுத்தரப்பட்டிருப்பதில்லை. சூரிய மின்பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் உதிரிபாகம் அருகில் எங்கும் கிடைப்பதில்லை. திட்டத்தின் பெயர்ப்பலகை மட்டும் (அதை எப்போதும் நல்ல இரும்பில்தான் செய்கிறார்கள்) அசையாமல் நிற்கிறது.

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்ற எலினோர் ஓஸ்ட்ரம், நேபாளத்தின் பாசன அமைப்புகளை ஆராய்ந்தபோது, விவசாயிகளே கட்டி நிர்வகித்த எளிய வாய்க்கால்கள் பல, அரசுத் துறை நிர்வகித்த நவீன கட்டுமானங்களைவிடக் கடைமடைக்குத் தண்ணீரைச் சிறப்பாகக் கொண்டுசேர்த்ததைக் கண்டார். தூர்வாரும் பொறுப்பும் முறைவைத்துத் தண்ணீர் விடும் அதிகாரமும் அங்கே பயன்படுத்துவோர் கையிலேயே இருந்தன.

ஆகவே, பராமரிப்புக்கெனப் பயனாளர் குழுவின் பெயரில் முதல் ஆண்டிலேயே கணக்குத் தொடங்கி, ஒவ்வொரு அறுவடையின்போதும் சிறு தொகை சேர்த்துவர நிதி வழங்குவோர் வழிசெய்ய வேண்டும். இலவச விதையையும் உரத்தையும் ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திட்டம் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்து பார்ப்பதற்கான செலவையும் தொடக்க ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்