இளவேனில் காட்டு நடைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செடிகளைப் பார்த்துப் பதிவுசெய்ய நம் மன்றம் நடத்தும் இளவேனில் நடைகள் எல்லாம் காலை 6.30 மணிக்கே தொடங்கின. குழுவுக்கு 12 பேர் என்ற வரம்பையும் தளர்த்தவில்லை. ஒற்றையடிப் பாதையில் ஆள் கூடினால், பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்கப் பாதையைவிட்டு இறங்குகிறார். பார்க்க வந்த செடியே காலடியில் நசுங்குகிறது.

இந்த ஆண்டின் பெரிய குறை, பார்த்த செடிகளைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய பதிவுகளில்தான். பூவை மட்டும் படம் எடுத்து அனுப்பியவை கணிசம். புரசு என்றால் கவலையில்லை, இலை உதிர்ந்த கொம்பில் கிளிமூக்காகச் சிவந்து நிற்பதை யாரும் தவறவிட மாட்டார்கள். வெட்பாலையும் குடசப்பாலையும்தான் மாறி மாறிப் பதிவாகின. இரண்டும் வெள்ளைப் பூ, இரண்டிலும் பால் வடியும். பூவின் நடுவைப் பாருங்கள்: மகரந்தப் பைகள் கூம்பாக வெளியே நீட்டி, சுற்றிலும் நூல்நூலான விளிம்பு இருந்தால் வெட்பாலை. பைகள் குழலுக்குள் ஒளிந்திருந்து, அந்த நூல் விளிம்பும் இல்லையென்றால் குடசப்பாலை. காயிலும் அடையாளம் உண்டு. வெட்பாலையின் இரட்டைக் காய்கள் முற்றும்வரை நுனியில் ஒட்டியிருக்கும்; குடசப்பாலையில் தனித்தனியே தொங்கும்.

ஆகவே இனி ஒரு பதிவுக்கு 4 படங்கள் வேண்டும்: முழுச் செடி, இலையின் இருபுறம், பக்கவாட்டில் பூ, பட்டை அல்லது காய். மெல்லிய பூ என்றால் கேமரா பின்னாலுள்ள புதரைப் பிடித்துக்கொள்ளும். பூவுக்குப் பின்னே உள்ளங்கையை வைத்தால் சரியாகும். இலையில்லாத மரத்தின் இடத்தைக் குறித்துவைத்து, தளிர்த்த பிறகு மறுபடி போய்ப் பார்ப்பதே வழி.

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைப் பூவருகே பிடித்து எட்ட நின்று பார்க்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. லென்ஸ் கண்ணை ஒட்டி இருக்க வேண்டும். பூ ஏறக்குறைய 2.5 செ.மீ. தொலைவுக்கு வர வேண்டும். குனியச் சோம்பல்பட்டால் ஒன்றும் தெரியாது.

அப்படிக் குனிந்தவர்களுக்கு ஆடுதின்னாப்பாளை பலன் தந்தது. கருஞ்சிவப்புக் குழல் பூவுக்குள் நுழையும் சிறு ஈயை உட்புற மயிர்கள் வெளியே விடுவதில்லை. முதலில் சூலகமுடி (பூவின் பெண் உறுப்பின் நுனி) மகரந்தத்தை ஏற்கும். பிறகுதான் மகரந்தப் பைகள் வெடிக்கும். அதற்குள் மயிர்களும் வாடிவிட, ஈ மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. ஈயைத் தின்னும் செடி என்று நடையில் சிலர் சொன்னது தவறு; இது சிறைவைத்து விடுவிப்பது மட்டுமே.

மழை படாத புழுதியில் குழியானையின் கூம்புக்குழிகளும் நிறையக் கிடைத்தன. உள்ளே இருப்பது தும்பிபோன்ற சிறகுப்பூச்சி ஒன்றின் புழு. எறும்பு சரிவில் ஏறப் பார்த்தால் தலையால் மணலை எற்றிக் கீழே விழவைக்கும். புழுப்பருவம் முழுவதும் அது மலம் கழிப்பதே இல்லை. தோண்டிப் பார்த்தவர்கள் அதே புழுதியில் திரும்ப விட்டதைப் பாராட்ட வேண்டும். புரட்டிய கற்களை எல்லோரும் திருப்பி வைத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை.

பூனைக்காலிக் காய்கள் காயும் பருவம் இது. உரசினால் அரிப்பூட்டும் சுனை மயிர்கள் பறக்கும். பட்ட இடத்தைத் தேய்த்தால் இன்னும் உள்ளே ஏறும். ஒட்டுநாடாவை ஒற்றி ஒற்றி எடுத்த பிறகே கழுவவும். உண்ணிக்கு, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்துவிட்டால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்கவும். எண்ணெய், நெருப்பு வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். மன்றத்தின் லென்ஸ்களில் சிலவற்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஈரத்தோடு உறையில் போட்டதே காரணம். மாற்று வாங்கப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்