பாம்படத்தை உருக்கும் முன் ஒரு நாள் பொறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் அடகு நகை ஏல அறிவிப்புகள் அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று வருகின்றன. கடன் எண், பெயர், ஊர் எல்லாம் இருக்கும். என்ன நகை என்பது மட்டும் இருக்காது. அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே புரட்டிவிடுவது என் வழக்கம். சென்ற மாதம் அதில் என் பெரியம்மாவின் பெயர் இருந்தது.

பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பெரியம்மா, வளர்த்த காதில் தொங்கவிடும் பாம்படம் என்ற பழைய நகையை அடகு வைத்திருந்தார். வட்டி நின்றுபோனது. நிறுவனம் அனுப்பிய கடிதம் பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. விவரம் தெரிந்து நான் ஓடியபோது ஏலம் தொடங்கிவிட்டது. முன்வைப்புத் தொகை கட்டாததால் என்னால் கேட்க முடியவில்லை. ஓரமாக நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார்கள். வளையல், சங்கிலி, கம்மல் ஆகியவற்றோடு ஒரே பொட்டலமாகப் பாம்படமும் போனது. அரக்குக்கு இவ்வளவு, அழுக்குக்கு இவ்வளவு என்று கழித்து, நிகர எடையை மட்டும் படித்தார்கள். எடுத்தவர் அதை உருக்கத்தான் போகிறார் என்பதை அவரே என்னிடம் சொன்னார். அவர்மீது எனக்குக் கோபமில்லை, அது அவர் தொழில்.

பாம்படம் எப்படிச் செய்யப்படுகிறது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. உள்ளே அரக்கு, மேலே மெல்லிய தங்கத் தகடு. சதுரமும் உருண்டையும் முனைகளும் சேர்ந்து சிறிய கட்டடம்போல நிற்கும். பார்வைக்குக் கனமான நகை. உருக்கினால் கிடைக்கும் தங்கம் கொஞ்சம்தான். ஆகவே எடை பார்த்து விற்றால், இதில் நட்டம் அதிகம். காது வளர்க்கும் வழக்கம் நின்று, வளர்த்தவர்களும் காதை வெட்டித் தைத்துக்கொண்ட பிறகு, புதிதாகச் செய்யச் சொல்பவரும் இல்லை, செய்யும் கையும் அருகிவிட்டது. இருப்பதை உருக்கினால், உருக்கியதுதான்.

அந்தப் பாம்படம் என் ஆச்சி லேஸ் பின்னிச் சம்பாதித்தது. நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்தார். லேஸ் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நூலின் பலம் புரியும். மார்த்தாவின் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போனபோது அங்கேயும் லேஸைக் கொண்டு சென்றார். கால்டுவெல்லின் இலக்கணத்தைப் படிக்கிறோம். எலைசா கற்றுக்கொடுத்த பின்னலை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஆச்சி மடியில் திண்டுபோன்ற தலையணையை வைத்து, அதன்மேல் துளையிட்ட அட்டையைக் குத்தி, ஊசிகளுக்கு நடுவே நூல் சுற்றிய மரக்குச்சிகளை இணை இணையாக மாற்றிப்போடுவார். குச்சிகள் மோதும் சத்தம் கேட்டுத்தான் மதியத்தில் நாங்கள் தூங்குவோம். பார்வை மங்கிய பிறகும் விரல் நிற்கவில்லை. விரலளவு அகலமான லேஸ் ஒரு முழம் வளர்வதற்குள் நாள்கள் ஓடிவிடும். அந்தக் கூலியில் குண்டுமணி குண்டுமணியாகச் சேர்த்த தங்கம் அது.

வெளிநாட்டு ஏலக்கூடங்களில் பழைய சென்னை வெள்ளிப் பாத்திரங்கள் வருகின்றன. சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் தேநீர்க் கெண்டிகள், தட்டுகள். பலவற்றின் அடியில் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்டு சன்ஸ் கடையின் முத்திரை இருக்கிறது. தட்டி எடுத்த ஆசாரியின் பெயர் இல்லை. ஆனாலும் அங்கே படம் எடுத்து, ஊரும் காலமும் எழுதி, வேலைப்பாட்டுக்கு விலை வைக்கிறார்கள். நம் ஊர் அடகு ஏலத்தில் கிராமுக்கு மட்டும் விலை.

கடன் கொடுக்கும்போது தங்கத்தின் மதிப்பை மட்டும் பார்க்க வேண்டும், கற்களைச் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் தவறில்லை. ஏலத்துக்கு வரும்போதாவது வேறு கண்ணால் பார்க்கலாம் அல்லவா? 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டு நிறைந்தவற்றையே பார்க்கிறது. ஆச்சியின் பாம்படத்துக்கு வயது தொண்ணூறு இருக்கும்.

என் கோரிக்கை பெரிதல்ல. பாம்படம், தண்டட்டி, காசுமாலை, அட்டிகை, பழைய வெள்ளிக் குத்துவிளக்கு போன்ற கைவேலைகள் ஏலத்துக்கு வந்தால் அவற்றைப் பொட்டலத்திலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள். அறிவிப்பில் நகையின் பெயரையும் போடுங்கள். ஒரு படம் எடுங்கள். மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஏல விலைக்கே அவர்கள் வாங்கட்டும். கடன் வாங்கியவருக்கும் நிறுவனத்துக்கும் இதனால் ஒரு காசு குறையாது. அடகு வைத்திருக்கும் வாசகர்கள் முகவரி மாறினால் உடனே போய் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்.

லேஸை யாரும் அடகு பிடிப்பதில்லை. எங்கள் டிரங்குப் பெட்டியில் ஆச்சி பின்னியதில் மூன்று முழமும், பதினோரு குச்சிகளும், துளையிட்ட அட்டை ஒன்றும் மிச்சமிருக்கின்றன. கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகம் ஏற்றுக்கொள்ளுமானால் அவற்றை நானே கொண்டுவந்து தருகிறேன். கூடவே, பாம்படம் அணிந்து ஆச்சி உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
நாகர்கோவில்.