கோளாம்பி

தக்கலை,
வெள்ளிக்கிழமை ராத்திரி

எலே மக்கா,

ஓணத்துக்கு எழுதுவேன்னு சொன்னவன் இப்பத்தான் பேனாவ எடுக்கேன். திட்டணும்னா முதல்ல திட்டி முடிச்சிரு, பெறவு மேல வாசி. இங்க எல்லாரும் சுகம். அம்மைக்கு முட்டுவலி அப்படியேதான். டிராயிங் சாரு இன்னமும் வெயிலடிக்கையில குடைய மடக்கிக் கக்கத்தில வச்சிட்டுதான் நடக்காரு.

சங்கதி இதுதான். தங்கச்சி மவன் ஸ்ட்ராஸ்பூர்கில இருந்து லீவுக்கு வந்தப்ப ரெண்டு குப்பி வெள்ளை ஒயின் கொண்டுவந்தான். நெட்டையா, ஒடுங்கலா, ஒன்னைய மாதிரியே இருந்துச்சு. பேரு கெவுர்ஸ்ட்ராமினர். மூணு நாள் சொல்லிப் பழகியும் அம்மைக்கு அது ‘கவர்னர் ஒயின்’தான். ‘கெவுர்ஸ்’னா ஜெர்மன்ல மசாலாவாம், டிராமின் இத்தாலியில ஒரு ஊரு. விளைஞ்சது அல்சாஸ்ல. 1871ல ஜெர்மனிக்குப் போயி, 1918ல பிரான்சுக்குத் திரும்பின நாடு அது. 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில கிடந்த நம்மளுக்கு அந்த ஊர்க்காரனுக்க பாடு தெரியாதா?

முதல் நாள் நான் பண்ணின கூத்தக் கேளு. ஃபிரீசர்ல போட்டு ஐசாக்கி ஊத்தினேன். ஒரு மணமும் இல்ல. வெறுத்துப்போய் கிளாஸ அப்படியே வச்சிட்டுக் குளிச்சிட்டு வந்தா, லேய், அறை முழுக்கத் தோவாளைச் சந்தை! விடியக்காலம் பன்னீர் ரோஜா மூடைய அவுத்துத் தட்டுவானே, அந்த மணம். ரோஜாவிலயும் லிச்சிப் பழத்திலயும் இதிலயும் ரோஸ் ஆக்சைடுன்னு ஒரே சரக்குதான் மணக்குன்னான் பய. ஃபிரிட்ஜில இருந்து எடுத்துக் கொஞ்சம் வச்சிருந்து, பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வந்த பெறவு குடிக்கணுமாம். இத முன்னாலயே சொல்லப்பிடாதா?

அடுத்த கூத்து சாப்பாட்டில. மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும் வச்சேன். நம்ம குழம்பு தெரியும்லா, வத்தலும் வாளன்புளியும் தாராளம். ஒரு மடக்கு குடிச்சதும் நாக்கில தீ. இதில ஆல்கஹால் பதிமூணு பதினாலு சதவீதம் இருக்கும், காரத்த விசிறிவிட்டுரும். ஒயினுக்கோ சொந்தப் புளிப்புக் கம்மி. புளிக்குழம்புக்கு முன்னால சீனித்தண்ணி மாதிரி சவசவன்னு ஆயிட்டு. மறுநாள் வீட்டுக்காரி புளி போடாம, இஞ்சி நிறையத் தட்டி, ரெண்டே பச்சமிளகு கீறி, தேங்காப்பாலில இறால் வச்சா. அதுக்கு மேல ஒரு மடக்கு. இறாலுக்க இனிப்பு முன்னால வருது, இஞ்சி பின்னால வருது, ரோஜா மூக்கில நிக்குது. நான் பேசாம இருந்தேன். நான் பேசாம இருந்தேன்னா பாத்துக்கோ.

ருசி பாக்கவன் விழுங்க மாட்டானாம், துப்பிருவானாம். மச்சில கிடந்த ஆச்சிக்க வெங்கலக் கோளாம்பிய எடுத்து வச்சேன். “எங்கம்மை வெத்திலை துப்பினதில சாராயமா லே?”ன்னு அம்மை ரெண்டு நாள் மிண்டல.

இனி சொல்லப்போறதுதான் கஷ்டம். மோந்து பாக்கையில எல்லாம் ஒன் நெனப்புதான். புளிக்காத இனிப்பு அக்கானிக் கலயத்த மோந்தே எந்தப் பனைன்னு சொன்ன மூக்குல்லா அது. ‘வா, குடிக்க வேண்டாம், மோந்துட்டுத் துப்பு’ன்னு எழுத உக்காந்தேன். பாதி எழுதிக் கிழிச்சுப் போட்டேன். ஆறு வருசமா நீ படுத பாடு எனக்குத் தெரியாது, மைனிக்குத் தெரியும். முட்டத்தில அன்னைக்கு ராத்திரி ‘ஒண்ணே ஒண்ணு’ன்னு ஊத்திக் கொடுத்த கை இந்தக் கைதான். அதப் பத்தி நீ ஒரு நாளும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருக்கலாம் லே.

ரெண்டாவது குப்பியக் கப்பல்காரனுக்குக் கொடுத்தாச்சு. மாசியில அக்கானி நல்லா இறங்கும், மைனியையும் கூட்டிட்டு வா. இறாலும் தேங்காப்பாலும் உண்டு. ஒயின் இல்லாமலும் அது கொள்ளாம்.

சீட்டுக்கட்டு கொண்டு வா. ஜோக்கர் ஒங்கிட்டதான் இருக்கு.

ஒனக்க,
சப்பை